மணலில் வண்டி உட்காருதா? பேடில் டயருக்குக் காசு எடுப்பதற்கு முன்

வாரநாளில் எனக்கு சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் மோட்டார்சைக்கிள் பட்டறை. மாதம் இரண்டு சனிக்கிழமை தானா மேராவில் ஃபெர்ரி ஏறினால் ஒரு மணி நேரத்தில் இந்தோனேசியாவின் பிந்தான் தீவு. அங்கே நண்பர் ஒருவர் பழைய மணல் குவாரியில் ஏழு ஏடிவி (கரடுமுரடான இடத்தில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) வைத்து வாடகைக்கு விடுகிறார். பிந்தானின் புசுங்கில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு அந்த மாதிரி இடம் தெரியும்: மணல் அள்ளியது போக மிச்சம் கிடக்கும் வெள்ளை மேடுகள், நடுவே நீலத் தண்ணீர். சிங்கப்பூரில் ஓட்டிப் பார்க்க மணல்மேடு ஏது? அதனால் நம் ஆட்கள் அங்கே வருகிறார்கள். கையில் கொஞ்சம் சேர்ந்தவர்கள் பெர்த்துக்கு வடக்கே லான்சலின் வரை போகிறார்கள்.

நான் போவது ஓட்ட இல்லை, ரிப்பேருக்கு. வருகிற கோளாறு எல்லாம் திரும்பத் திரும்ப அதே ஆறேழுதான். கூடவே அதே கேள்வியும் வரும்: "அண்ணே, பேடில் டயர் போட்டுடலாமா?" மணலை வார, துடுப்பு மாதிரி பட்டைகள் வைத்த பின் டயர்தான் பேடில். பாதிப் பேருக்குத் தேவைப்படுவது பேடில் டயர் இல்லை, 25 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு காற்று மீட்டர். மீதிப் பேருக்குப் பேடில் தேவைதான். ஆனால் டயர் பிடிக்க ஆரம்பித்த பிறகு, அதுவரை சும்மா இருந்த பெல்ட்டும் கிளட்ச்சும் செயினும் பேச ஆரம்பிக்கும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

கீழே உள்ளதெல்லாம் இரண்டு வகை வண்டிக்கு. ஒன்று, செயின் வண்டி: கையால் கிளட்ச், பின்சக்கரம் மட்டும் இழுக்கும். இன்னொன்று, பெல்ட் வண்டி: சிவிடி (கையால் கியர் மாற்றாமல் பெல்ட்டும் புல்லியும் பார்த்துக்கொள்ளும்), பெரும்பாலும் நாலு சக்கரமும் இழுக்கும். உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

கோளாறு 1: த்ராட்டில் கொடுத்தால் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகராமல் கீழே இறங்குகிறது

முதலில் கையை எடுங்கள். வண்டி நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகும் த்ராட்டிலை அமுக்கிக்கொண்டிருந்தால் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டும். அடிப்பகுதி மணலில் உட்கார்ந்துவிட்டால் அதற்கப்புறம் எந்த டயரும் உதவாது. இறங்கி, சக்கரத்துக்கு முன்னாலும் அடியிலும் மணலை வாரிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். அம்மா ஊர் உடன்குடிப் பக்கம். தேரிக்காட்டில் நடந்த கால்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அழுத்தி மிதித்தால் புதையும், மெதுவாக அகலமாக வைத்தால் நடக்கலாம்.

*காற்று (செலவு: மீட்டர் விலை மட்டும்)*

ஏடிவி டயருக்குக் காற்று மிகக் குறைவு. பெரும்பாலான வண்டிகளின் ஸ்டிக்கரில் 4 அல்லது 5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்றுதான் போட்டிருக்கும். காருக்கு வைக்கும் மீட்டரில் இந்த அளவு தெரியவே தெரியாது, முள் அசையாது. அதனால்தான் பிந்தான் சாலையோரத்து 'தம்பால் பான்' (பஞ்சர்) கடையில் அடித்துக்கொண்டு வந்த டயர்கள் 12, 15 என்று கல்லாக நிற்கும். அவர்கள் மோட்டார்சைக்கிள் டயருக்குப் பழகியவர்கள், அவர்கள்மேல் தப்பில்லை. 0 முதல் 15 பிஎஸ்ஐ வரை காட்டும் மீட்டர் வாங்கிப் பையிலேயே வையுங்கள்.

காலையில் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். வெயிலிலும் ஓட்டத்திலும் டயர் சூடானால் அளவு ஏறும். ஸ்டிக்கர் அளவில் ஆரம்பித்து, அரை அரை பிஎஸ்ஐயாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் அதே மேட்டில் ஏறிப் பாருங்கள். சாதாரண ரிம்மில் நான் 3-க்குக் கீழே இறக்குவதில்லை. ஏன் என்று நாலாவது கோளாறில் வரும். பின்சக்கரம் இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். செயின் வண்டியில் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்து சுற்றுவதால், ஒரு பக்கம் காற்று குறைந்தால் அந்த டயரின் சுற்றளவும் குறைந்து வண்டி அந்தப் பக்கமே இழுக்கும்.

*ஏற்றிய எடை*

பெரும்பாலான ஏடிவி ஒருவர் ஓட்டத்தான். பின்னால் ஒருவரை உட்கார வைத்துவிட்டு "புதையுது" என்றால் நான் என்ன செய்வது? சீட்டுக்குப் பக்கத்தில் எச்சரிக்கை ஸ்டிக்கர் இருக்கும், படியுங்கள்.

*நாலு சக்கரமும் உண்மையில் இழுக்கிறதா (பெல்ட் வண்டி)*

சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, அதனால் வேலை செய்கிறது என்று நம்ப வேண்டாம். ஒருவர் மெதுவாக எடுக்கட்டும், நீங்கள் எட்ட நின்று முன்சக்கரத்தைப் பாருங்கள். புதைந்த நேரத்தில் முன்சக்கரம் சும்மா நின்றால் ஒயர், சாக்கெட், ஃபியூஸ் பாருங்கள். சாக்கெட்டில் உப்பும் பச்சைக் களிம்பும் பிடித்திருப்பதுதான் நான் அதிகம் பார்த்தது. அதைத் துடைத்தும் வரவில்லை என்றால் முன் டிஃபரன்ஷியலை (இரண்டு முன்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கும் பெட்டி) திறக்க வேண்டிவரும். அது பட்டறை வேலை, மணலில் திறக்காதீர்கள்.

*டயர் வகை*

சேற்று டயரில் வந்தால் மணலில் முதலில் புதைவது நீங்கள்தான். ஆழமான கட்டைகள் சேற்றில் கடிக்கும், மணலில் மண்வெட்டி மாதிரி தோண்டும். தேய்ந்து வழுவழுப்பான பழைய டயர் அதைவிட நன்றாக மிதக்கும். நண்பரிடம் ஏழு வண்டியில் இரண்டு இன்னும் தேய்ந்த டயரில்தான் ஓடுகின்றன, ஆளை ஏமாற்ற இல்லை, நன்றாக ஓடுவதால்.

*பேடில் டயர் (செலவு: இங்கிருந்து நூற்றுக்கணக்கில்)*

மேலே உள்ளது எல்லாம் சரி, ஆனாலும் உயர மேட்டில் பாதியில் நிற்கிறது என்றால் பேடில் வாங்கலாம். பின்சக்கரத்தில் துடுப்பு மாதிரி ரப்பர் பட்டைகள் குறுக்கே நிற்கும். எத்தனை துடுப்பு, எவ்வளவு உயரம் என்பது இன்ஜினைப் பொறுத்தது. 250 சிசி அளவு வண்டிக்கு முக்கால் அங்குலத் துடுப்பு ஆறு முதல் எட்டு போதும். 450-க்கு எட்டு முதல் பத்து. 700-க்கு அதற்கும் மேல் தாங்கும். சின்ன இன்ஜினில் பெரிய துடுப்பைப் போட்டால் சக்கரம் புதையாது, இன்ஜின் செத்துப்போகும். முதல் கோளாறுக்கு மருந்து வாங்கி, மூன்றாம் கோளாறுக்கு நோயாளி ஆவீர்கள்.

அளவு படிப்பது இப்படி: 20x11-9 என்றால் டயர் உயரம் 20 அங்குலம், அகலம் 11, ரிம் 9. தனி ரிம்மோடு வாங்கிக்கொண்டால் வசதி. மணலை அடையும் வரை சிவந்த சரளைப் பாதை, அதில் பேடிலில் ஓடினால் துடுப்பு ஓரம் கிழியும். மணல் ஓரத்தில் நின்று சக்கரத்துக்கு நாலு நட்டு மாற்றினால் முடிந்தது. ஆனால் ரிம் வாங்கும்போது நட்டு ஓட்டைகள் இருக்கும் வட்டத்தை அளந்து வாங்குங்கள். ஒரு வண்டிக்கு 110 மி.மீ., இன்னொன்றுக்கு 115. கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், ஹப்பில் ஏறாது.

மாட்டும் திசை முக்கியம். சக்கரத்தின் மேல்பக்கம் நிற்கும் துடுப்பின் குழிவு வண்டிக்கு முன்பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் கீழே வரும்போது மணலைப் பின்னால் வாரும். பக்கவாட்டில் அம்புக்குறியும் இருக்கும். போன வருடம் ஒருவர் இடதும் வலதும் மாற்றிப் போட்டுவிட்டு, "காசு கொடுத்து ஏமாந்துட்டேன்" என்று அரை நாள் முனகினார். சக்கரத்தை மாற்றிப் போட்டதும் ஆள் மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

இன்னொன்று, லான்சலினில் நன்றாக ஓடிய டயர் பிந்தானில் அதே மாதிரி ஓடாது. பெர்த்தில் டிசம்பர், ஜனவரி கோடை, மணல் காய்ந்து பொடியாக இருக்கும். அதே மாதங்களில் பிந்தானில் வடகிழக்குப் பருவமழை. நனைந்த மணல் இறுகிக் கிடக்கும். அதில் பேடில் தேவைக்கு மேல் கடிக்கும், அந்த அதிர்ச்சி செயினுக்கும் அச்சுக்கும் போகும். மழைநாளில் நான் பழைய டயரையே மாட்டுவேன்.

கோளாறு 2: ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகிறது

பேடில் போட்ட மறுநாளே வரும் புகார் இது. பின்னால் இழுவை கூடிவிட்டது, முன்னால் பழைய டயர், பின்பக்கம் முன்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது.

ஓட்டும் விதத்தை முதலில் பாருங்கள். வளைவுக்கு முன் த்ராட்டிலைக் கொஞ்சம் விட்டு, உடம்பை முன்னாலும் உள்பக்கமும் சாய்த்தால் பாதி சரியாகும். முன் டயரில் காற்று அதிகமானால் அது மணல்மேல் சறுக்கும். அரை பிஎஸ்ஐ குறையுங்கள். டிஃப் லாக் (இரு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் சுவிட்ச்) போட்டுவிட்டு மறந்திருந்தாலும் வண்டி திரும்பாது.

அதற்கு மேல் காசு என்றால், நடுவில் வரப்பு ஓடும் முன் டயர். அந்த வரப்பு மணலை அறுத்துக்கொண்டு திசை கொடுக்கும். பின் ஜோடி வாங்கும்போதே இதற்கும் சேர்த்து எடுத்து வைத்துவிடுங்கள். பேடிலை மட்டும் வாங்கிக்கொண்டு வருபவர்கள் இரண்டு மாதத்தில் திரும்ப வருகிறார்கள்.

முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் இருந்தால் முன்சக்கரத்தைப் பிடிக்கும் மூட்டுகளில் ஒன்று, டை ராட் முனையோ பால் ஜாயின்டோ, போய்விட்டது. அன்றைக்கு ஓட்டம் அவ்வளவுதான். மெக்கானிக் மாற்றி, அலைன்மென்ட் பார்த்த பிறகே ஏறுங்கள்.

கோளாறு 3: மேடு ஏறும்போது பாதியில் சக்தி செத்துப்போகிறது

இங்கே காதைக் கொடுக்க வேண்டும். ஒரே மேடு, ஒரே இடம், ஆனால் மூன்று வேறு வேறு கோளாறு:

டயர் மணலை வாரி இறைத்துக்கொண்டு சுற்றுகிறது என்றால் அது முதல் கோளாறு, மேலே போங்கள்.

*3அ: இன்ஜின் சத்தம் தாழ்ந்துகொண்டே போய் திணறுகிறது*

கியரைப் பாருங்கள். மேட்டின் அடியில் வேகம் பிடிக்காமல், நடுவில் கியர் குறைத்தால் மணல் உங்களை நிறுத்திவிடும். அடியிலேயே சரியான கியர், ஒரே சீரான த்ராட்டில்.

அடுத்து ஏர் ஃபில்டர். நான் திறக்கும் பத்துப் பெட்டியில் பாதியில் இதுதான் காரணம். ஸ்பான்ஜ் ஃபில்டரைக் கழுவி, நிழலில் காயவைத்து, ஃபில்டர் எண்ணெய் பிசைந்து, விளிம்பில் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். எண்ணெய் போடாத ஸ்பான்ஜ் பொடி மணலை நிறுத்தாது. மேலே துணி உறை போட்டால் இரண்டு ஓட்டம் கூடுதலாகத் தாங்கும். விலையும் அதிகமில்லை, மேம்பாடு என்று நான் மனதார சிபாரிசு செய்வது இதைத்தான்.

ஃபில்டரைக் கழற்றியதும் உள்பக்கக் குழாயில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் மணல் ஒட்டினால் நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். மணல் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். கம்ப்ரஷன் பார்த்து முடிவெடுப்பது பட்டறை வேலை. நீல நிறப் புகை வர ஆரம்பித்திருந்தால் பெரும்பாலும் தாமதமாகிவிட்டது.

காற்று நிறைய வரட்டும் என்று சிலர் ஏர்பாக்ஸ் மூடியைக் கழற்றிவிடுகிறார்கள். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் மெயின் ஜெட் பெரிதாக மாற்ற வேண்டும், இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் அளவைத் திருத்தும் பெட்டி போட வேண்டும். அதைச் செய்யாமல் மூடியை மட்டும் கழற்றினால் இன்ஜின் சூடாகும், கூடவே மணலும் உள்ளே. என் கணக்கில் மணலில் மூடி இருக்கட்டும்.

ஃபில்டர் சுத்தம், பெட்ரோல் புதுசு, ஆனாலும் பேடில் போட்ட பிறகுதான் திணறுகிறது என்றால் செயின் வண்டியில் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்றலாம். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது மலிவான வழி. 14/38 இருந்த வண்டியில் 13 போட்டால், பின்னால் மூன்று பல் கூட்டியது மாதிரி இருக்கும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும். மேடு ஏறுபவனுக்கு அது எதற்கு?

*3ஆ: இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை, டயரும் சுற்றவில்லை*

இடையில் எங்கோ வழுக்குகிறது.

செயின் வண்டியில் கிளட்ச் லிவர் முனையில் விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இலவச ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லை என்றால் கேபிளைத் தளர்த்துங்கள், ஐந்து நிமிட வேலை. அடுத்து எண்ணெய். கிளட்ச் எண்ணெயில் ஊறும் வண்டிகளுக்கு ஜாசோ எம்ஏ (JASO MA) என்று முத்திரை உள்ள மோட்டார்சைக்கிள் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். வீட்டில் காருக்கு வாங்கிய எண்ணெய் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றியவர் ஒருவர் புது கிளட்ச் தகடு வாங்கினார், மறுபடியும் வழுக்கியது. எண்ணெயை மாற்றிய பிறகுதான் நின்றது. தகடு மாற்றுவது கடைசி.

பெல்ட் வண்டியில் ரப்பர் எரியும் வாடை வந்ததா? மணலில் எப்போதும் லோ கியரில் ஓட்டுங்கள். ஹையில் ஓட்டிப் பெல்ட்டை எரிப்பதுதான் வாடகைக்கு எடுப்பவர்களின் பொழுதுபோக்கு. வண்டி ஆறிய பிறகு கவரைக் கழற்றி, உள்ளே மணல், தண்ணீர், பெல்ட் தூள் இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட்டின் பக்கம் கண்ணாடி மாதிரி மின்னினாலோ, ஓரிடத்தில் மட்டும் குழி விழுந்திருந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான். சந்தேகமானால் வெர்னியரில் அகலம் அளந்து, வண்டிக் கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். புல்லியில் எண்ணெய், கிரீஸ், ஸ்பிரே எதுவும் படக் கூடாது. புதுப் பெல்ட் போட்டதும் முதல் சில பத்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்குங்கள்.

பெரிய டயர் போட்ட பிறகு பெல்ட் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் கிளட்ச் எடைக்கட்டியும் ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டும். அதற்குக் கருவி வேண்டும், கை பழகியிருக்க வேண்டும். யூடியூப் பார்த்துத் திறந்த கிளட்ச்சை பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு வருபவர்களுக்கு நான் கூடுதல் கட்டணம் வாங்குகிறேன்.

கோளாறு 4: திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடுகிறது

காற்று மிகக் குறைவு, அல்லது ரிம் விளிம்பு நெளிந்திருக்கிறது, அல்லது விளிம்பில் மணல் ஒட்டியிருக்கும்போது டயரை மாட்டியிருக்கிறார்கள். விளிம்பைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எல்லைக்குள் காற்று ஏற்றி உட்கார வையுங்கள். அந்த எல்லையைத் தாண்டிக் காற்று ஏற்றுவதும், ஸ்பிரே அடித்துத் தீ வைத்து உட்கார வைப்பதும் விளையாட்டு இல்லை. உட்காரவில்லை என்றால் டயர் கடைக்கு. இதைவிடக் குறைந்த காற்றில் ஓட்டியே தீருவேன் என்பவர்களுக்கு பீட்லாக் ரிம் இருக்கிறது. டயர் விளிம்பை வளையம் வைத்து போல்ட்டால் இறுக்கிப் பிடிக்கும். விலையும் எடையும் கூடும். பிந்தான் மேடுகளுக்கு எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

கோளாறு 5: சூடு விளக்கு எரிகிறது

நிறுத்துங்கள். ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஆறியதும் தண்ணீர் அளவு, ரேடியேட்டர் இடுக்கில் மணலும் புல்லும், ஃபேன் சுற்றுகிறதா, இந்த வரிசையில் பாருங்கள். கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே, மெதுவான தண்ணீரில்; பிரஷர் ஜெட் பிடித்தால் இடுக்கின் தகடுகள் மடங்கும். எல்லாம் சரியாக இருந்தும் மறுபடி எரிந்தால் தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப், ஹெட் காஸ்கெட் என்று பட்டியல் நீளும். வண்டியை ஏற்றிக்கொண்டு வாருங்கள், ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

கோளாறு 6: மேட்டு உச்சியைத் தாண்டி இறங்கினால் அடி தட்டுகிறது

ஷாக்கின் ஸ்பிரிங் இறுக்கத்தை ஒரு படி கூட்டுங்கள், ஓட்டுபவரின் எடைக்கு அமையும் வரை. திருகு இருக்கும் ஷாக்கில் அமுங்கும் வேகத்தையும் கொஞ்சம் குறைக்கலாம். எத்தனை கிளிக் திருப்பினீர்கள் என்று எழுதி வையுங்கள். ஷாக்கில் எண்ணெய் கசிந்தால் திருகி என்ன பயன்? சீல் மாற்ற வேண்டும், உள்ளே அழுத்த வாயு இருக்கும், வீட்டில் திறக்காதீர்கள்.

உச்சியைப் பற்றி ஒன்று. அந்தப் பக்கம் யார் வருகிறார் என்று தெரியாது. கலிஃபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளில் தரையிலிருந்து 8 அடி உயரக் கொடிக்கம்பு இல்லாமல் ஓட்ட முடியாது. பிந்தானில் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் நண்பரின் ஏழு வண்டியிலும் ஆரஞ்சு கொடி நான்தான் கட்டினேன். டயருக்கு முன்னால் இதை வாங்குங்கள்.

கோளாறு 7: சக்கரத்திலிருந்து கரகரவென்று சத்தம்

செயினில் பிசுக்கான ஸ்பிரே அடித்திருந்தால் மணல் அதில் ஒட்டி அரைத்துக்கொண்டிருக்கும். துடைத்து, மெழுகு வகை லூப்ரிகன்ட் போடுங்கள். தொய்வைக் கையேட்டு அளவுக்கு வையுங்கள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டமும் கரகரப்பும் இருந்தால் பேரிங். அழுத்தி அடிக்கக் கருவி இல்லாமல் சுத்தியலால் தட்டிப் போட்ட பேரிங் ஒரு மாதம் தாண்டாது, அதையும் பட்டறைக்கே விடுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பிரேக் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மணல். தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பாருங்கள். பேட் தேய்ந்து இரும்பு தெரிந்தால் மாற்றுங்கள். மாற்றிய பிறகு லிவரை நாலைந்து தடவை அமுக்கி, கெட்டியான பின்புதான் வண்டியை நகர்த்துங்கள். முதல் அமுக்கில் லிவர் ஹேண்டில் வரை வரும்; அதை மேட்டு உச்சியில் வைத்துக் கண்டுபிடித்தவர் ஒருவர் நேராக நீலத் தண்ணீரில் போய் நின்றார்.